முள் நின்ற இடம்

ஹலோ... ஹலோ, டார்லின்? கேக்கா? ... நான்தாம்ட்டி, கிங்ஸ்லி அண்ணன். ... ஆமா, ஆமா, பிலிம் வந்துட்டு. சென்னையில கழுவி கூரியர்ல அனுப்பிட்டாவ. கையிலதான் இருக்கு. ... குவைத்துல இப்ப மணி என்ன? டூட்டி முடிஞ்சுட்டா? ... இல்ல, சும்மாதான் கேட்டேன். ... சரி, சரி, சொல்லுதேன்.

... அம்மா போட்டோ வரலட்டி.

... ஒண்ணுகூட இல்ல. ... ஏட்டி, இதுல போயி விளையாடுவனா? ஜன்னல்ல பிடிச்சுப் பாத்தேன். அம்மாவ எடுத்த இடமெல்லாம் ஒண்ணும் பதியாம வெறும் கண்ணாடியா இருக்கு. ...

கேளு. முழுசாக் கேளு. அப்பா கேமராவுல ஒரு முள்ளு உண்டுல்லா, வெளிச்சத்த அளந்து காட்டுமே... ஆமா, ஆமா, லைட் மீட்டர். அது சிக்கிக் கிடந்திருக்கு. இன்னைக்கு ஜங்ஷன்ல கேமரா ரிப்பேர் பாக்க மீரா முகைதீன் அண்ணாச்சிட்ட கொண்டுபோயி காட்டுனேன். கையால பொத்திப் பாத்தாவ, வெயில்ல நீட்டிப் பாத்தாவ. ஒரே இடத்துல நிக்கு. ...

அடக்கத்தன்னைக்கு வேன்ல இருந்து பெட்டிய இறக்கும்போது வீட்டு முத்தத்துல நல்ல வெயிலு. முள்ளப் பாத்து ஒண்ணு எடுத்தேன். பொறவு அம்மாவ அதுல கிடத்தி உள்ள வச்சாவ. உள்ள போயும் பாக்கேன், முள்ளு அங்கனயேதான் நிக்கு. ... ஆமா, இருட்டாத்தான் இருந்துச்சு. என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. ஆனா அப்பா கேமரால்லா, அது தப்பாக் காட்டுமான்னு, வெயிலுக்கு வச்ச அளவுலயே பிலிம்ல மிச்சம் இருந்த பதினொண்ணையும் எடுத்துத் தீத்துட்டேன். ...

தெரியும். ... தெரியும்ட்டி. வீடியோ கால்ல ஒரு நிமிசம் அம்மா முகத்தக் காட்டு அண்ணேன்னு கெஞ்சுன. நான்தான் வேண்டாம்னேன். ... ஏன்னா அம்மா சொல்லியிருந்தா! அப்பா செத்தன்னைக்கு ஆளாளுக்கு எடுத்து ஸ்டேட்டஸ் வச்சாவள்லா, அவ பட்ட பாடு உனக்குத் தெரியாதா? நான் செத்தா என் முகத்த எவனும் செல்லுல எடுக்கக்கூடாதுன்னா. அதான் வாசல்ல நின்னு ஒருத்தரையும் விடல. சாலோமி அத்தையக்கூட சத்தம் போட்டேன். ...

கத்து. நல்லா கத்து. லீவு கிடைக்காம நீ அங்கன கிடந்து அழுத, நான் இங்கன சட்டம் பேசிட்டு நின்னேன். ...

இல்ல, முத்தத்துல எடுத்தது மட்டும் வந்திருக்கு. ... அதுல அம்மா இல்லட்டி. வெறும் பெட்டி. மூடி தொறந்து கிடக்கு. ரொம்பத் தெளிவா இருக்கு. ... அனுப்பவா?

... என்னது? ... உங்கிட்ட இருக்கா? அம்மா முகமா? ... யாரு, சாலோமி அத்தையா எடுத்து அனுப்புனாவ? ... எப்ப? ... அன்னைக்கேவா! பதினாறு நாளா சொல்லாமலா வச்சிருக்க? ... ஆமா. ... ஆமா, சொல்லியிருந்தா அத்தைய வாசப்படி ஏற விட்டிருக்க மாட்டேன். ... சரி.

... டார்லின், அதுல அம்மா மூக்குக்கண்ணாடி போட்டிருக்காளா? ... கழட்டிட்டாவளா. ... எனக்கு ஞாபகமே இல்லட்டி. அந்தக் கேமராவுல குனிஞ்சுல்லா பாக்கணும், மேல உள்ள கண்ணாடியில இடம் வலமா மாறித் தெரியும். முள்ளையும் கண்ணாடியையும் பாத்துட்டே நின்னுட்டேன். அவள நேரா ஒரு தடவகூட பாக்கல. ...

ஏட்டி... அந்தப் போட்டோவ எனக்கு அனுப்புவியா? ... செல்லுலதான். ... யாருக்கும் காட்ட மாட்டேன், சத்தியமா... ஹலோ? ... டார்லின்? ... ஹலோ?