குடுவைகளுக்கு ஊட்டியது

மதிப்பிற்குரிய பேராசிரியர் மஞ்சுநாத் அவர்களுக்கு,

போன மாதம் நீங்கள் கோலார் தங்கவயலுக்கு வந்தபோது எங்கள் வீட்டில் மதியம் சாப்பிட்டீர்கள். ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தீர்கள். வந்தவர்கள் அப்படிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் எனக்கு மனம் நிறைந்துவிடும். நீங்கள் பங்காருபேட்டையில் வளர்ந்தவர், தமிழ் நன்றாக வாசிப்பீர்கள் என்று என் மகள் குணசுந்தரி சொன்னதால் தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் மாணவியின் தகப்பன் என்ற முறையில் சில விஷயங்களை வரிசையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுரங்கத்தில் நான் பார்த்த வேலை, பாறைத்தூளில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று சோதித்துச் சொல்வது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. வருகிற மாதிரியை இரண்டாகப் பங்கிட்டு இரண்டு பேர் தனித்தனியே சோதிப்போம். ஒருவர் கண்டதை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டும் ஒத்துப்போனால்தான் மேலே போகும். யார்மீதும் சந்தேகம் என்றில்லை, அது முறை.

ஓய்வு பெற்ற பிறகு, குணா பாடம் நடத்தும் கல்லூரியின் ஆய்வகத்தில் அவளுக்கு உதவியாக இருந்தேன். அவள் ஆராய்ச்சி உங்களுக்குத் தெரியாததல்ல. எனக்கு அது எவ்வளவு புரிந்திருந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பேத்தமங்களா ஏரிக்கரை மண்ணிலிருந்து அவள் எடுத்த பாக்டீரியா, சர்க்கரை ஏராளமாக இருந்து நைட்ரஜனுக்குத் தட்டுப்பாடு வந்தால், பெருகுவதை நிறுத்திக்கொண்டு உடம்புக்குள் ஒருவகைப் பிளாஸ்டிக்கைச் சேமிக்கும். நைட்ரஜன் கிடைத்துக்கொண்டே இருந்தால் பெருகும், சேமிக்காது. அந்தப் பட்டினியை அறிந்து சேமிப்பைத் தொடங்கிவைக்கும் மரபணு எது என்பதுதான் அவள் தேடல். பக்கத்து வீட்டு டெய்சி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னாண்ணா, ஒம்பொண்ணு பூச்சியப் பட்டினி போட்டு பிளாஸ்டிக் புடுங்குதாமே. எனக்கு ஒரு பக்கெட் பண்ணித் தரச் சொல்லு" என்பாள்.

முதல் சோதனையில் எடையில் பாதிக்குமேல் பிளாஸ்டிக் சேர்ந்திருந்தது. சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒவ்வொரு உயிருக்குள்ளும் கறுப்பு மணிகள், கேழ்வரகு அடைத்த பை மாதிரி. இன்னும் இரண்டு முறை இப்படி வந்தால் ஜெர்மனியில் ஆராய்ச்சிக்கு இடம் நிச்சயம் என்று நீங்கள் எழுதினீர்கள்.

அவளுக்குக் குளிர் ஆகாது. சின்ன வயதிலேயே இழுப்பு உண்டு. அவள் அம்மாவும் இல்லை. அங்கே யார் கஷாயம் வைத்துத் தருவார்கள்? ஆனாலும், போகாதே என்று நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. பெற்றவன் பிள்ளையின் படிப்புக்குக் குறுக்கே நிற்கக் கூடாது.

அடுத்த சோதனைக்குக் குடுவைகளைக் குலுக்கும் எந்திரத்தில் ஏற்றியது நான். ஏற்றுமுன் ஒவ்வொன்றிலும் நைட்ரஜன் உள்ள உப்பான அம்மோனியம் சல்பேட் கொஞ்சம் போட்டேன். மறுநாளும் போட்டேன். அது அந்த உயிர்களுக்குச் சோறு. முன்னைவிட நன்றாகவே பெருகின. எதற்கும் ஒரு தீங்கும் இல்லை. சேமிப்பு மட்டும் இல்லை.

குடுவையில் நைட்ரஜன் மிச்சமிருக்கிறதா என்று அளந்து சொல்வதும் என் பொறுப்புதான். இருந்ததை இல்லை என்று சொன்னேன். பாதி மாதிரியை நீயும் சோதித்துப் பாரம்மா என்று ஆரம்பத்தில் நானே அவளிடம் சொன்னதுண்டு. "உங்க கைக்கு இன்னொரு கை எதுக்குப்பா" என்று சிரித்துவிட்டாள்.

மரபணு எங்கோ பழுதாகிவிட்டது என்று அவள் முடிவு செய்தாள். பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய பாக்டீரியாவை எடுத்து மறுபடி வளர்த்தாள். ஏரிக்கரைக்குப் போய்ப் புது மண் எடுத்தாள். பஸ்ஸில் பையை நான்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு முறையும் ஊட்டினேன். நீங்கள் நேரில் பார்க்க வந்தீர்களே, அந்தக் குடுவைகளுக்கும் ஊட்டியிருந்தேன். நுண்ணோக்கியில் நீங்களே பார்த்தீர்கள், ஒரு மணிகூட இல்லை. அப்புறம்தான் வீட்டுக்குச் சாப்பிட வந்தோம். கிளம்பும்போது வாசலில் நின்று, முதலில் அனுப்பிய எண்கள் அளந்தவையா, சும்மா எழுதியவையா என்று அவளிடம் மெதுவாகக் கேட்டீர்கள். உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் யாரும் அதைத்தான் கேட்பார்கள்.

நீங்கள் போன பிறகு அவள் சாப்பிட்ட பாத்திரங்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அப்பா, மொதல்ல வந்தது நெசந்தானே? நீங்களும் பாத்தீங்க இல்ல, கறுப்பு கறுப்பா?"

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியலம்மா. நீ சொன்ன, நானும் ஆமான்னேன்."

"நீங்க பாக்கலயா?"

"பாத்த மாதிரி ஞாபகம் இல்லம்மா."

தான் தவறாகப் பார்த்திருக்கலாம் என்று அவளே உங்களுக்கு எழுதியது அதற்குப் பிறகுதான். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டுதான் அவள் செய்தது மோசடி என்று அவள் ஆராய்ச்சிப் பதிவை ரத்துசெய்ய உங்கள் பல்கலைக்கழகக் கமிட்டி யோசிப்பதாக அறிகிறேன். அப்படி ரத்தானால் வேறு எந்த இடத்திலும் அவளைச் சேர்க்கமாட்டார்கள் என்றும் அறிகிறேன்.

என் தங்கை மகன் வாசுவுக்கு அவளைப் பேசியிருக்கிறோம். அடுத்த தெருதான். அவள் மறுக்கவில்லை. இப்போதெல்லாம் எதையுமே மறுப்பதில்லை. சாப்பிட்டாயாம்மா என்றால், "நீங்க சொல்லுங்கப்பா, சாப்ட்டனா?" என்கிறாள். விளையாட்டுக்குத்தான் சொல்கிறாள் என்று நினைக்கிறேன். ஆனால் அவள் அப்படிச் சொல்லும் நாட்களில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. விரல் நுனியில் அந்த உப்பு நரநரக்கிறது. கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாலும் நரநரக்கிறது.

ஆகவே ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். அவளுடைய முதல் எண்கள் உண்மை. கறுப்பு மணிகளை என் கண்ணால் பார்த்தேன், தெளிவாகப் பார்த்தேன். பிறகு வந்தவை எல்லாம் என் கைவேலை. குணசுந்தரி எந்தத் தப்பும் செய்யவில்லை. கமிட்டி அவள்மீது நடவடிக்கை எடுத்தால் அது பெரிய அநியாயம்.

கமிட்டி வருகிற வியாழக்கிழமை கூடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். கல்யாணம் அதற்கடுத்த ஞாயிறு. அதற்குமுன் இதை அனுப்பினால் கல்யாண வீட்டில் வீண் குழப்பம் வரும். உண்மையை மறைக்கிற ஆள் நான் இல்லை. கல்யாணம் முடிந்த மறுநாள், திங்கட்கிழமை காலை முதல் வேலையாகத் தபாலில் சேர்த்துவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தாமோதரன்