தாஸின் வாய்

"நான் எடுத்த ஒரு போட்டோலகூட தாஸ் வாய மூடல மாமே."

கொரட்டூர் தாண்டிய ரயிலில், கேமராப் பையை மடியில் வைத்திருந்தவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்.

"கானா பாடுறவன் வாய மூடுவானா?"

"அதான். பானை தட்டிப் பாடுன காலத்துலேந்து, லேப்டாப் வச்சுப் பாடுற வரைக்கும் எடுத்து வச்சுகீறேன். எல்லாத்துலயும் பாடிகினுதான் கீறான். முந்தாநேத்து செத்துட்டான். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு அவன் பொண்டாட்டி போட்டோ கேட்டுச்சு."

"குடுத்தியா?"

"குடுத்தேன். வாய் தொறந்து கீது, நல்லா இல்லன்னு பேனர் கடைக்காரன் கம்ப்யூட்டர்ல மூடிட்டான். ஊட்டாண்ட கட்டிகீறாங்க. எவனோ மாதிரி கீறான் மாமே."

"நீ பாத்துகினு சும்மாவா இருந்த?"

"இல்ல. கடைக்காரன் பக்கத்துல குந்திகினு, தாஸ் உதடு எப்டி இருக்கும்னு நான்தான் சொன்னேன்."