நன்றியுரையில் முடிந்த பேச்சு

ஞாயிறு மாலை, யாழ்ப்பாணத்திலிருந்து பண்டத்தரிப்புக்குப் போகும் மினிபஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு ஆசிரியைகள். இளையவர் ஏதோ கூட்டத்திலிருந்து வந்தவர். மடியில் நாலாக மடித்த ஒரு தாள்.

“அவர் கதைக்காததுக்கெல்லாம் நான் நன்றி சொல்லிப்போட்டன், அக்கா.”

“என்ன சொல்லுறீர்?”

“வல்வெட்டித்துறைக் கப்பல்காரர் வீட்டுக்கு எழுதின கடிதங்களைப் பற்றித்தான் இண்டைக்குப் பேச்சு. பேச்சாளர் சுருக்கத்தை முதலே அனுப்பியிருந்தார். அதைப் பார்த்து நேற்றே நன்றியுரையை எழுதி வைச்சிட்டன். தலைவர் தன்ரை தலைமையுரையை முக்கால் மணித்தியாலம் இழுத்தார். பாவம், பேச்சாளரின்ரை கப்பல் துறையை விட்டு வெளிக்கிட முன்னமே, நேரம் முடிஞ்சுதெண்டு துண்டு குடுத்திட்டினம்.”

“நீர் எழுதினதை அப்பிடியே வாசிச்சனீரோ?”

“ஓம். ஆள் ஊர் திரும்பின பிறகு வந்து சேர்ந்த கடைசிக் கடிதத்தின்ரை கதைக்கும் நன்றி எண்டு வாசிக்கேக்கைதான் விளங்கிச்சு. நிப்பாட்டப் பார்த்தன். முன்வரிசையிலை இருந்தவை, ‘வாசியுங்கோ பிள்ளை, மிச்சத்தையும் வாசியுங்கோ’ எண்டினம்.”

“பேச்சாளர் என்ன செய்தவர்?”

“அவர்தான் முதல் கை தட்டினவர்.”

மூத்தவர் சிரித்து ஓயச் சங்கானை வந்துவிட்டது. நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“அடுத்த மாதம் என்னைப் பேசச் சொல்லிக் கேட்டிருக்கினம், அக்கா.”

“தலைமை ஆர்?”

“இண்டைக்கு இழுத்த அவரேதான்.”

“அப்ப நன்றியுரையை நான் செய்யிறன். நீர் என்ன கதைக்கப்போறீர் எண்டதை இறங்க முன்னம் முழுக்கச் சொல்லும்.”