நன்றாகக் காய்ந்த மரம்

கணப்பு வைத்த பிறகு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சளி பிடிக்கவில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

கூடத்துச் சுவரில் அதைக் கட்டிக் கொடுத்த கொத்தனார் விவரமானவர். புகைபோக்கியின் மூடியைத் திறந்த பிறகே தீ மூட்ட வேண்டும், முன்னால் கம்பி வலை நிற்க வேண்டும், சாம்பலை இரும்பு வாளியில்தான் அள்ள வேண்டும் என்றெல்லாம் சொன்னவர், கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினார்.

"ஈர விறகு மட்டும் வேண்டாம் சார். உள்ள கரி படியும். ஒருநாள் புகைபோக்கியே பத்திக்கும்."

நான் சொன்ன சொல்லைக் கேட்கிறவன். ஈரம் காட்டும் கருவி ஒன்று வாங்கினேன். அதன் இரண்டு ஊசிகளை மரத்தில் குத்தினால் எண் தெரியும். இருபதுக்குக் கீழே என்றால் எரிக்கலாம். காய்ந்தது என்று விறகுக் கடைக்காரர் தலையிலடித்துச் சத்தியம் செய்த கட்டை முப்பத்தொன்று காட்டியது. எங்கள் வீட்டு அலமாரி பதினொன்று.

சும்மா சொல்லக் கூடாது, அலமாரி இரண்டு நாள் அருமையாக எரிந்தது. அப்புறம் நாற்காலிகள், சாப்பாட்டு மேசை. வார்னிஷ் பூசிய மரத்தின் புகை நெஞ்சுக்கு ஆகாது. எல்லாவற்றையும் சுரண்டித்தான் போட்டேன். கட்டிலுக்கு வந்தபோது என் மனைவி அதன்மேல் குறுக்கே படுத்துக்கொண்டாள்.

"இதையும் எரிச்சிட்டா எங்கங்க படுக்கிறது?"

"தரையிலதான். உருண்டு விழுற பயமே இல்ல பாரு."

அதோடு அவள் என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

மாமனார்தான் எனக்குத் துணை. மரம் அறுக்கும் ஆலையில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே பறிகொடுத்தவர். முப்பது வருடமாக மரக்கால். மாலையில் என்னோடு தரையில் உட்கார்ந்து, எரிகிற துண்டின் வாசனையை வைத்தே, "இது வேங்கை மாப்ளை, இது மா," என்று சொல்லிவிடுவார். என் கணப்பைக் கேலி செய்யாத ஒரே மனிதர்.

போன வியாழக்கிழமை மனைவி பெட்டி கட்டினாள்.

"அப்பாவையும் கூட்டிக்கிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். நீங்களும் உங்க தீயும் நல்லா இருங்க."

மாமனார் வாயே திறக்கவில்லை. காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்தார்.

ஐயா, நேற்று கொடுத்த தாளில் அந்தக் கால் ஒன்பது காட்டியதாக எழுதியிருந்தேன். அடித்துவிடுங்கள். முப்பது வருட வியர்வை ஊறிய மரம். இருபத்தாறு காட்டியது. மூன்று இடத்தில் குத்திப் பார்த்தேன். பிறகு வார்னிஷைச் சுரண்டினேன். தோல் வார்களை அவிழ்த்து அவர் தலைமாட்டில் மடித்து வைத்தேன். அடுத்தவர் பொருளை வீணாக்கும் பழக்கம் எனக்கு இல்லை. புகைபோக்கியின் மூடி திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். தீ பிடிக்கச் சற்று நேரமானது.

அவர் விழித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் கூடத்துக்கு வந்தார். மூக்கை உறிஞ்சினார்.

"தேக்கு," என்றார், வழக்கம்போல.

அப்புறம்தான் கீழே குனிந்து பார்த்துக்கொண்டார்.

மனைவி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர், தோட்டத்து மண் அள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். மாமனாரைத் தூக்கி அதில் உட்கார வைத்து, மடியில் பெட்டியையும் வைத்தார்கள். கூடத்தைத் தாண்டும்போது அவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். கோபமே இல்லை முகத்தில்.

"அவதான் போறேன்னு சொன்னா. நான் போறேன்னு எப்ப மாப்ளை சொன்னேன்? உங்ககூட இருக்கிறதாதானே இருந்தேன்."

வண்டி வாசல் இறங்கித் தெருமுனை திரும்பும்வரை சக்கரம் கிறீச்சிடுவது கேட்டது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்திருக்கலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் தீ எரிகிற அறையை விட்டு ஒரு நிமிஷம்கூட வெளியே போகக் கூடாது, ஐயா. அவ்வளவு பொறுப்பில்லாதவன் இல்லை நான்.