செடி நின்ற இடம்

ஆத்தூரிலிருந்து திண்டுக்கல் வரும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் பள்ளிச் சீருடையில் இரண்டு மாணவிகள். கைகளில் முள் கீறல்கள். காலடியில் ஒரு மண்வெட்டி.

“பாதையவே பிடுங்கிப்புட்டோம்டி, பர்வீன்.”

“பாதைய எப்படிடி பிடுங்குறது? முள்ளுச்செடியத்தான பிடுங்குனோம்?”

“அது ரெண்டு பக்கமும் நின்னதாலதான் நடுவுல பாதை தெரிஞ்சுச்சு. இப்பப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி பூராம் ஒரே பொட்டல்.”

“வனத்துறைப் பயிற்சியில வேரோடதான தோண்டச் சொன்னாங்க?”

“சொன்னாங்க. நாம குழியவும்ல மூடிட்டோம். சார்கிட்டக் கேட்டா, ‘நேத்து இங்கனதான இருந்துச்சு’ங்கிறாரு.”

“நாளைக்குப் பாதையப் பாக்க ஃபாரஸ்ட் ரேஞ்சர் வர்றாரே?”

“அவர பாதையில கூட்டிட்டுப் போறது நான்தான். ‘இயற்கைப் பாதை’ன்னு போர்டு வேற எழுதியாச்சு. எங்க ஊனுறது?”

“வேம்புகிட்ட.”

“பாதை வேம்புக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா?”

“வலப்பக்கம். இல்ல, கெணத்துலருந்து வந்தா இடப்பக்கம்.”

“நாம கெணத்துலருந்தா வருவோம்?”

பர்வீன் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு சட்டென்று திரும்பினாள்.

“ஏய், ஆறாப்புப் பிள்ளைகளக் கூப்பிடுவோம். செடி நின்ன இடத்துல ரெண்டு பக்கமும் வரிசையா நிப்பாட்டிட்டா பாதை வந்துரும்ல?”

மற்றவள் முகம் மலர்ந்தது. உடனே வாடியது.

“செடி எங்கடி நின்னுச்சு?”