வெண்மேகக் குருவும் சமையலறைக் கூரையும்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, யன்னல் கண்ணாடி துடைக்க என்ன பாவிக்கிறேன் என்றுதான். பழைய பேப்பரும் வினாகிரியும். வேறொன்றுமில்லை. துடைப்பது என் கணவர்.

அவர் முன்பு அப்படியில்லை. பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் முடித்து வந்தால் குடித்த கோப்பையை வைத்த இடத்திலேயே விட்டுவிடுவார். இந்த 2009 தைப்பொங்கலுக்குப் பிறகுதான் சீனத் தொடர்கதைப் பைத்தியம் பிடித்தது. மலேசியாவில் யாரோ ஒருவர் தமிழாக்கி இணையத்தில் போடுகிறார். கதையில் ஆயிரம் வயதுச் சிரஞ்சீவி ஒருவர் ஷாங்காய் நகரத்தில் லிப்ட் இயக்கிக்கொண்டே, யாருக்கும் தெரியாமல் மூச்சைக் கட்டிச் சக்தி திரட்டுகிறார். ஷாங்காயில் லிப்டுக்குள் சிரஞ்சீவி இருக்கலாமென்றால், இலண்டன் நோர்பரியில் பெற்றோல் ஷெட்டில் ஏன் இருக்கக்கூடாது என்று இவருக்குத் தோன்றிவிட்டது. சின்ன அறைக்குள் சப்பணம் கட்டி உட்கார்ந்துவிட்டார்.

"வல்லி, கதவைச் சாத்து. திரட்டினதெல்லாம் வெளியாலை போகுது."

அதையும் பொறுத்தேன். ஆனால் ஓர் அத்தியாயத்தில் அந்தச் சிரஞ்சீவி பெண்சாதியை விட்டுவிட்டு மலைக்குப் போய்விட்டார். அதை வாசித்த அன்று இவர் சோற்றைப் பிசைந்தபடி, சீனாவுக்கு விசா எடுப்பது கஷ்டமோ என்று என்னிடமே கேட்டார். இத்தனை வருடம் குடும்பம் நடத்திய மனிதரை ஒரு கதைக்குப் பறிகொடுக்க எனக்கு மனமில்லை.

ஆகவே நான் குருவானேன். பெயர் வெண்மேகக் குரு. இலண்டனில் மறைந்து வாழும் சிரஞ்சீவி என்று சொல்லி, அந்தக் கதை வரும் இணையத்தளத்திலேயே அவருக்குத் தனிமடல் போட்டேன். சமையலறையிலிருந்து நான் எழுதுவேன். சின்ன அறையிலிருந்து அவர் வாசிப்பார். மலை தேடி அலையாதே, வீடே மலை என்று எழுதினேன். சட்டியில் ஒட்டிய கருகல் முற்பிறப்பு வினை என்று எழுதினேன். பளபளக்கத் தேய்த்தார். விஸ்கி சக்தியின் வழியை அடைக்கும் என்றேன், விட்டார். பாரிஸில் இருக்கும் தன் தங்கச்சியோடு போனில் கதைத்தால் மூச்சு வீணாகும் என்றேன், அதையும் விட்டார். மச்சாளுக்கும் கொஞ்சம் ஓய்வுதானே.

இந்த வாக்குமூலத்தில் இனி எழுதப்போவது உங்களைப் போன்ற பொலிஸ்காரருக்கு விளங்குமோ தெரியாது. எங்கள் ஆட்களில் பெண்சாதி புருஷனின் பெயரைச் சொல்வதில்லை. "இஞ்சாருங்கோ" என்றுதான் கூப்பிடுவோம். டொக்டரிடத்தில் அவர் பெயரைக் கேட்டால் நான் அட்டையை நீட்டுவேன். குருவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லையே. ஒருநாள், 'தவராசா, படியைக் கூட்டு' என்று எழுதிப் பார்த்தேன். அது என்ன சுகம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் கூட்டி முடிக்கும் முன்னரே, 'தவராசா, திரும்பவும் கூட்டு' என்று எழுதினேன். பிறகு யன்னல், கம்பளம், பிரிட்ஜுக்குப் பின்பக்கம், அயர்ன் பண்ணுவது. கதையில் சிரஞ்சீவிகள் வாளில் ஏறிப் பறப்பார்கள். உன் வாள் அந்த அயர்ன் பலகைதான் என்று உற்சாகப்படுத்தினேன். பெயரைக் கூப்பிடுவதற்காகவே வேலை தேடவேண்டியதாயிற்று. கடைசியில் சமையலறைக் கூரையில் மழைத்தண்ணீர் ஓடும் பீலி மட்டும் மிஞ்சியது. அதைத் துப்புரவாக்கினால் பறக்கும் நிலை சித்திக்கும் என்று எழுதினேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஏணி வைத்து ஏறினார். கக்கத்தில் அயர்ன் பலகையையும் இடுக்கிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். பீலியிலிருந்த சருகையெல்லாம் அள்ளிப் போட்டுவிட்டு, கூரை விளிம்பில் பலகையை வைத்து அதன்மேல் ஏறி நின்றார்.

"வல்லி, குரு மடல் ஏதும் போட்டிருக்கிறாரோ எண்டு போய்ப் பார். இண்டைக்குப் பறக்க உத்தரவு தராட்டி நான் சீனாவுக்குத்தான். விசாவுக்குப் பாஸ்போட்டைக் குடுத்திட்டன்."

உள்ளே போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? குரு தோட்டத்தில் ஈரத் துவாயோடு நின்றுகொண்டிருந்தார். இறங்கச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். இறங்கினால் சீனாவுக்குப் போய்விடுவார். கால் முறிந்தவர் வீட்டில் இருப்பார். நான் யோசித்தது அவ்வளவுதான்.

"ஓம், போட்டிருக்கிறார்," என்றேன். "'தவராசா, பற' எண்டு."

அவர் பெயரை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

பறந்தார். பக்கத்து வீட்டுப் பியற்றிஸின் பேரப்பிள்ளைகள் துள்ளி விளையாடும் ட்ரம்போலினில் விழுந்து, கூரைக்கும் மேலே எழும்பி, அங்கிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பியற்றிஸின் கொட்டிலின்மேல் விழுந்தார். இரண்டு காலும் முறிந்துவிட்டன. நான் கைதட்டியதைக் கண்டுதான் பியற்றிஸ் உங்களுக்குப் போன் செய்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் அவர் மிகவும் சந்தோஷமாக இருக்கிறார். சீனாவைப் பற்றிப் பேச்சே இல்லை. "மேலை நிண்டனான் எல்லே, கண்டனியோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அது பொய்யில்லை.

ஆகவே, பிழை செய்தாயா என்று கேட்டால், செய்தேன். மறைக்கமாட்டேன். கட்டின புருஷனின் பெயரை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அதற்காக லூயிஷாம் சிவன் கோயிலில் தேங்காய் உடைத்தாயிற்று. வாயால் சொன்னால்தான் தோஷம், எழுதினால் இல்லை என்று ஐயர் சொன்னார். இனிமேல் எழுதுவது மட்டும்தான்.