வெறும் ஃபார்மலின்

முயலுக்குக் கண் பெரிது, மூளை சிறிது. எங்கள் ஆய்வகத்தில் என்னைத் தவிர மற்றவர்களுக்கு இரண்டுமே சிறிது. அதனால் அவர்களிடம் விசாரித்து நேரத்தை வீணாக்காதீர்கள். நானே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் புரியும்படி.

செத்த முயலின் கண்ணை அப்படியே விட்டால், உள்ளே பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரை சீக்கிரமே கூழாகிவிடும். எடுத்த கையோடு ஜாடியில் போட வேண்டும். ஜாடியில் என்ன ஊற்றுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் சேர்ந்த கலவை என்றால் விழித்திரை இருந்த இடத்திலேயே கெட்டிப்படும். வெறும் ஃபார்மலின் என்றால் சுருங்கி, சுவரை விட்டுக் கழன்று தொங்கும்.

கண் அழுத்தத்துக்கு நான் ஒரு சொட்டு மருந்து கண்டுபிடித்தேன். என் பாதி ஆயுள் அதில் போயிருக்கிறது. அதை முயல்களுக்கு விட்டுச் சோதித்த முதல் தடவை, கண்களைக் கலவையில்தான் போட்டோம். ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்புநீர் விட்ட முயல்களுக்கு விழித்திரை ஒட்டியிருந்தது. என் மருந்து விட்ட முயல்களுக்குக் கழன்றிருந்தது. நாலு முயலுக்காக நான் என் மருந்தைத் தலைமுழுகுவதா?

அந்த ஸ்லைடுகளைக் குப்பையில் போட்டேன். மறுபடி செய்யச் சொன்னேன், வெறும் ஃபார்மலினில்.

பதப்படுத்தும் பொறுப்பு சக ஆய்வாளர் ஒருவருடையது. எதற்கெடுத்தாலும் விளக்கம் சொல்வதால் அவரை வாத்தியார் என்போம்.

"சார், ஃபார்மலின்ல போட்டா எல்லாமே கழண்டுக்கும். அப்புறம் மருந்தால கழண்டதா, ஃபார்மலினால கழண்டதான்னு எந்த மகாராஜனாலயும் சொல்ல முடியாது."

"அதேதான் வாத்தியாரே. யாராலயும் சொல்ல முடியாது."

விழுந்து விழுந்து சிரித்தார். நான் ஜோக் அடித்ததாக நினைப்பு. சிரித்துக்கொண்டே ஊற்றினார்.

எல்லா முயலுக்கும் ஒன்றுபோலக் கழன்றது. பதப்படுத்தியதில் வந்த கோளாறு, மருந்துக்குச் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். நிபுணர் குழு என்று ஒன்று இருக்கிறது. பிஸ்கட் தட்டு காலியாவதற்குள் தலையாட்டிவிட்டது.

அடுத்தது மனிதர்கள். சோதனைக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவள் என் அக்கா. அவளுக்கும் கண் அழுத்தம் உண்டு. தையல் கடை வைத்திருப்பவள். கண்தான் அவள் பிழைப்பு.

"டேய், ஊரெல்லாம் போட்டுக்கிட்டப்புறம் நான் போட்டுக்கிட்டா உனக்குத்தானே கேவலம்?" என்றாள்.

நான் தடுக்கவில்லை. தடுத்தால் ஏன் என்று கேட்பாள். குறி பார்த்துச் சொட்டு விட அவளுக்குக் கை வராது. அதனால் தினமும் சாயங்காலம் நானே போய் விட்டேன். வெட்டிய துணிகளை ஒதுக்கிவிட்டு, மெஷின் முன்னால் அண்ணாந்து உட்காருவாள். அக்காவை இந்த அளவுக்குக் கவனித்துக்கொள்ளும் தம்பி யாராவது உங்களுக்குத் தெரியுமா?

"வலது கண்ல ஓரமா ஒரு திரை விழற மாதிரி இருக்குடா."

"அழுத்தம் இறங்குறப்ப அப்படித்தான் இருக்கும். பழகிடும்."

"நீ சொன்னா சரிதான். உனக்குத் தெரியாததா?"

பழகவில்லை. வலது கண் போய்விட்டது. கொஞ்ச நாளில் இடது கண்ணின் ஓரத்திலும் திரை விழுந்தது. அவள் தைத்த சட்டைகளில் ஒரு கை ஏறியும் ஒரு கை இறங்கியும் இருந்தன. வாடிக்கையாளர்கள் கத்தினார்கள். அவள் தன் வயதைத் திட்டிக்கொண்டாள், என்னை அல்ல.

சோதனையில் இருந்த மற்றவர்களும் முறையிடத் தொடங்கிய பிறகு வாத்தியார் உங்களிடம் ஓடி வந்திருக்கிறார். ஒரு ஜோக் புரிய அந்த மனிதருக்கு இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

இடது கண்ணில் ஆரம்பித்தபோதாவது நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். என்ன ஆகும் என்று தெரிந்தேதான் விட்டேன். முயல்களைப் பார்த்த நாளிலிருந்தே தெரியும். நேற்றுச் சாயங்காலம்கூட விட்டேன். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால், நிறுத்தியிருந்தால் கோளாறு மருந்தில்தான் என்று அக்காவுக்குத் தெரிந்துபோயிருக்கும். இந்த உலகத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஒரே ஆள் நான். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.